பழைய பவர் ஆம்புக்கு மாற்று: ஒரு ஸ்டீரியோவின் நிகழ்வு ஆய்வு

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் ஒன்று பழுதானால் அடுத்ததைத் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வாட்ஸ். என் அனுபவத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முன்னால் வால்யூமைக் கையாளும் ப்ரீஆம்ப் என்ன கொடுக்கிறது, பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் என்ன கேட்கிறது, இடையில் கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) எவ்வளவு வேண்டும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் வாட்ஸ் தானாக அமைந்துவிடும். அண்மையில் நான் கூட இருந்து பார்த்த ஒரு மாற்றத்தை அதனால்தான் முழுசாக எழுதி வைக்கிறேன்.

ஸ்டீரியோ எனக்கு மூத்த நண்பர் ஒருவருடையது. அண்ணன் என்றே கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே. அவரிடம் இருப்பது: டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக்கி 2 வோல்ட் கொடுக்கும் ஒரு டிஏசி, எம்எம் வகை கார்ட்ரிட்ஜ் (ஊசிப் பகுதி) போட்ட ஒரு டர்ன்டேபிள், அதன் சின்ன சிக்னலைப் பெருக்க ஒரு ஃபோனோ ஸ்டேஜ், வால்வ் ப்ரீஆம்ப், 8 ஓமில் 60 வாட்ஸ் தரும் பழைய டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப், தரையில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர். சப்வூஃபருக்கு சிக்னல் ப்ரீஆம்பிலிருந்து போகவில்லை. பவர் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே மூன்று கம்பிகளில் போகிறது. இந்தச் சின்ன விஷயம் பிறகு ஒரு ஆம்பையே பட்டியலிலிருந்து நீக்கியது.

புகார் எளிமையானது: வலது பக்கம் சத்தம் வரவில்லை. ஆன் செய்தால் ஸ்பீக்கரை இணைக்கும் இடது பக்க ரிலே 'டிக்' என்று விழுகிறது, வலது பக்கம் மௌனம். மூடியைக் கழற்றி, ரிலேவுக்கு முன்னால் வலது அவுட்புட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 38 வோல்ட் டிசி. பவர் சப்ளையின் முழு வோல்டேஜும் அங்கே நின்றது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். ரிலே மூடாமல் இருந்ததுதான் நல்ல காலம். அந்த டிசி வூஃபருக்குப் போயிருந்தால் வாய்ஸ் காயில் கருகியிருக்கும்.

எனக்கு எப்போதும் பழுதுபார்ப்பதுதான் முதல் விருப்பம். நல்ல கிளாஸ் ஏபி (வழக்கமான டிரான்சிஸ்டர் வகை) ஆம்ப் ஒன்றை டிரான்சிஸ்டரும் கப்பாசிட்டரும் மாற்றிப் பல வருஷம் ஓட்டலாம். இங்கே மூன்று விஷயங்கள் எதிராக நின்றன. டிரைவர் பகுதியில் போர்டு கருகி, செம்புத் தடங்கள் உரிந்திருந்தன. அந்த மாடலில் இருந்த அவுட்புட் டிரான்சிஸ்டர் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய பெயரை அச்சடித்து விற்கப்படும் போலிகள் இந்த வகை டிரான்சிஸ்டர்களில் மிக அதிகம். பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும், உள்ளே சிலிக்கான் துண்டு பாதி அளவுதான், முதல் உரத்த பாட்டிலேயே போய்விடும். மூன்றாவது, இடது பக்கமும் ஆரோக்கியமாக இல்லை. பெரிய கப்பாசிட்டர்களின் தலை லேசாகப் புடைத்திருந்தது.

அது ஏன் என்று அலமாரியைப் பார்த்ததும் புரிந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் பலகை, ஆம்புக்கு மேலே இரண்டு விரல் இடம். எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கணக்கு வைக்கும் விதி. மூடிய பெட்டிக்குள் பல வருஷம் வெந்த ஆம்ப் அது. ஆக, புதிதாக வரப்போவது எதுவானாலும் அதே அலமாரிக்குள் போகுமா, வெளியே நிற்குமா என்பதும் தேர்வில் ஒரு கேள்வியாகிவிட்டது.

"தம்பி, 200 வாட்ஸ்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். இனிமே பவர் பத்தலைன்னு பேச்சே வரக்கூடாது" என்றார் அண்ணன்.

"அண்ணே, இப்போ இருந்தது பத்தலைன்னு உங்களுக்கு எப்போ தோணிச்சு?"

யோசித்தார். "சத்தம் பத்தலைன்னு இல்ல. ராத்திரி ஜாஸ்தி வெச்சா பேஸ் கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கும். மத்தபடி ஒண்ணும் இல்ல."

இந்தப் பதில் முக்கியம். சத்தம் போதவில்லை என்பது வோல்டேஜ் குறைவு. உரத்து வைக்கும்போது பேஸ் மட்டும் இறுகுவது பெரும்பாலும் கரண்ட் குறைவு. இரண்டுக்கும் வேறு வேறு மருந்து.

60 வாட்ஸிலிருந்து 200 வாட்ஸுக்குப் போனால் கிடைப்பது 5 டெசிபலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பவர் இரட்டித்தால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும். அப்படியென்றால் 60-க்குப் பதில் 600 வாட்ஸ். அதை அந்த ஸ்பீக்கரும் தாங்காது, அந்த அறையும் தாங்காது.

ஊகிப்பதை விட அளப்பது மேல். இடது சேனல் வேலை செய்ததால் அது முடிந்தது. அண்ணன் வழக்கமாகக் கேட்பதிலேயே மிக உரத்த அளவுக்கு வால்யூமை அவரே வைக்கச் சொன்னேன். குமிழ் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு ஆம்பை நிறுத்தி, ஸ்பீக்கர், சப்வூஃபர் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டிஜிட்டல் உச்சத்தை விட 12 டெசிபல் குறைவாகப் பதிந்த 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை டிஏசியில் ஓட்டினேன். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் ஏசி வோல்ட்டில். சாதாரண மல்டிமீட்டர்கள் 50 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை நம்பகமாகக் காட்டும் என்பதால்தான் 100 ஹெர்ட்ஸ். காட்டியது 4 வோல்ட். 12 டெசிபல் என்பது நான்கு மடங்கு. ஆகவே எந்தப் பாட்டாக இருந்தாலும் அந்தக் குமிழ் நிலையில் ஆம்ப் தரவேண்டியது அதிகபட்சம் 16 வோல்ட். 8 ஓமில் அது 32 வாட்ஸ், 4 ஓமில் 64 வாட்ஸ்.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: இந்தச் சோதனை டிரான்சிஸ்டர் ஆம்புக்கு மட்டும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வ் பவர் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் கொடுத்து ஓட்டக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல். அண்ணன் உட்காரும் இடம் 3 மீட்டர். திறந்தவெளியில் 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் 6 என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூட்டினால், 2.83 வோல்ட்டுக்கு நாற்காலியில் 83 டெசிபல். உச்சங்கள் 98 டெசிபல் தொட வேண்டுமானால் இன்னும் 15 டெசிபல், அதாவது 16 வோல்ட்டுக்கு ஒரு மயிரிழை குறைவு. காகிதமும் மீட்டரும் இவ்வளவு ஒத்துப்போவது எப்போதும் நடக்காது. ஆனால் இரண்டு வழியிலும் செய்து பார்த்தால் அடுத்து எடுக்கும் முடிவில் கை நடுங்காது.

பழைய ஆம்பின் 60 வாட்ஸ் என்பது 8 ஓமில் சுமார் 22 வோல்ட். தேவை 16. வோல்டேஜ் போதுமானதாகவே இருந்திருக்கிறது. அப்படியானால் பேஸ் இறுகியது எதனால்?

ஸ்பீக்கரின் பின்னால் '4–8 ஓம்' என்று போட்டிருக்கிறது. இப்படிப் போட்டிருந்தால் 4 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வெளியாகியிருக்கும் இம்பீடன்ஸ் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) வரைபடத்தில் 110 ஹெர்ட்ஸ் பக்கம் 3.3 ஓம் வரை இறங்குகிறது, வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியில் 22 ஓம் வரை ஏறுகிறது. இன்னும் மோசமானது, 80 ஹெர்ட்ஸ் அருகே ஃபேஸ் கோணம் 45 டிகிரி. கரண்டும் வோல்டேஜும் சேர்ந்து உச்சத்துக்குப் போகாமல் விலகி நிற்கும்போது, டிரான்சிஸ்டர் மேல் அதிக வோல்டேஜ் இருக்கும் நேரத்திலேயே அதிக கரண்டும் ஓடும். 45 டிகிரியில் ஒரு கிளாஸ் பி அவுட்புட் டிரான்சிஸ்டர் படும் உச்ச வெப்பச் சுமை, அதே அளவுள்ள வெறும் ரெசிஸ்டருக்குப் படுவதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். பாதுகாப்பு சர்க்யூட் அந்த இடத்தில் கரண்டைக் கட்டுப்படுத்தும். அண்ணன் சொன்ன 'இறுக்கம்' அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர் மட்டும் உள்ள பழைய ஆம்ப், அந்த ஸ்பீக்கரோடு தினமும் மல்லுக்கட்டியிருக்கிறது.

ஆகவே புதிய ஆம்பிடம் கேட்டது: 8 ஓமில் 60-லிருந்து 100 வாட்ஸ் போதும், ஆனால் 4 ஓமில் அது இரட்டிப்புக்கு அருகில் வர வேண்டும், அதற்குக் கீழேயும் பயப்படாமல் ஓட வேண்டும். 8 ஓமில் 100, 4 ஓமில் 120 என்று போட்டிருந்தால் பவர் சப்ளை மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். 8 ஓம் எண் மட்டும் போட்டு 4 ஓம் பற்றிப் பேசாத ஸ்பெக் ஷீட்டை அப்படியே மடித்து வைத்துவிடலாம்.

வாட்ஸ் எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். விளம்பரங்களில் வாட்ஸ் கண்டபடி ஏறிப்போனதால்தான் 1974-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்ப் விற்பவர்கள் தொடர்ச்சியான பவரை டிஸ்டார்ஷன் அளவோடும் அதிர்வெண் எல்லையோடும் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இன்றும் 10 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், சின்னப் பெட்டி ஆம்புகள் பலவற்றில் இருப்பது அதுதான். அதன் டேட்டா ஷீட்டில் 4 ஓமில் சேனலுக்கு 315 வாட்ஸ் என்பது 10 சதவீத டிஸ்டார்ஷனில். 1 சதவீதத்தில் அது 260. சிப்பின் மேல் குறை இல்லை, நல்ல சிப். ஆனால் அதோடு 48 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைக் கொடுத்தால் மொத்தமாக உள்ளே போவதே 240 வாட்ஸ். இரண்டு சேனலுக்கும் சேர்த்து. பெட்டியின் மேல் 300 என்று போட்டிருந்தால் அது எங்கிருந்து வரும்?

இனி முன்பக்கம். இங்கேதான் இந்த நிகழ்வின் உயிர் இருக்கிறது.

பழைய ஆம்ப் அரை வோல்ட் கொடுத்தாலே முழு 60 வாட்ஸ் தரும். 22 வோல்ட்டை அரை வோல்ட்டால் வகுத்தால் 44 மடங்கு, அதாவது 33 டெசிபல் கெயின். அந்தக் காலத்து ஆம்புகளில் இது சகஜம். 1975-ல் வந்த குவாட் 405 பவர் ஆம்ப்கூட அரை வோல்ட்டில் 100 வாட்ஸ் தரும். அன்றைய ப்ரீஆம்புகள் குறைவாகக் கொடுத்தன, அதற்கு ஏற்றபடி பவர் ஆம்பில் கெயினை வைத்தார்கள். 1982-ல் சிடி வந்த பிறகு 2 வோல்ட் என்பது வழக்கமாகிவிட்டது. அண்ணனின் டிஏசியும் 2 வோல்ட். வால்வ் ப்ரீஆம்ப் அதை நான்கு மடங்காக்கும். 8 வோல்ட் கொடுக்கத் தயாராக நிற்கும் ஒன்றை, அரை வோல்ட்டில் நிரம்பிவிடும் ஒன்றோடு கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அவர் வீட்டு வால்யூம் குமிழ் எப்போதும் அடிமட்டத்திலேயே இருந்தது. பென்சில் கோடு விழுந்த இடம், அதாவது அவர் கேட்கும் மிக உரத்த அளவே, எட்டரை மணி நிலைதான். பொட்டென்ஷியோமீட்டரின் அந்தக் கீழ்ப் பகுதியில் இடது வலது இரண்டும் சமமாக இருக்காது. மெதுவாக வைத்தால் பாடகர் ஒரு பக்கம் சாய்கிறார் என்று அண்ணன் முன்பே சொல்லியிருக்கிறார்.

கூடவே ஒரு மெல்லிய 'உஸ்' சத்தம். இரவில் பாட்டு நின்றதும் ட்வீட்டர் பக்கம் காதைக் கொண்டுபோனால் கேட்கும். "வால்வ்னா அப்படித்தான் தம்பி" என்பார். வால்வின் குணம்தான், ஆனால் அதைப் பெரிதாக்கிக் காட்டியது பவர் ஆம்பின் கெயின். வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்வின் இரைச்சல் 50 மைக்ரோவோல்ட் என்று வைத்தால், 44 மடங்கில் அது 2.2 மில்லிவோல்ட். 86 டெசிபல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 24 டெசிபல். அமைதியான அறையில் கிட்டத்தில் கேட்கும். கெயினை 10 மடங்காக, அதாவது 20 டெசிபலாகக் குறைத்தால் அதே இரைச்சல் 11 டெசிபல் ஆகிவிடும். யார் காதுக்கும் எட்டாது.

குறைந்த கெயின் வைத்தால் சத்தம் போதுமா? தேவை 16 வோல்ட். 20 டெசிபல் கெயினுக்கு ப்ரீஆம்ப் 1.6 வோல்ட் கொடுக்க வேண்டும். அதால் டிஏசியிலிருந்து 8 வரை முடியும். டர்ன்டேபிளையும் பார்த்தோம், ஏனென்றால் அங்கேதான் சிலர் மாட்டிக்கொள்வார்கள். கார்ட்ரிட்ஜ் 5 மில்லிவோல்ட், ஃபோனோ ஸ்டேஜ் 40 டெசிபல், அதாவது அரை வோல்ட்; ப்ரீஆம்பில் நான்கு மடங்கு 2 வோல்ட்; பவர் ஆம்பில் பத்து மடங்கு 20. குமிழில் கொஞ்சம் மீதம் வைத்தே போதுமானது கிடைக்கிறது. ப்ரீஆம்ப் இல்லாமல் டிஏசியை நேராகக் கட்டுகிறவர்களுக்கும், வெறும் குமிழ் மட்டும் உள்ள பேசிவ் ப்ரீஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். அவர்கள் 26 அல்லது 29 டெசிபலில் இருப்பதே நல்லது.

முன்பக்கத்தில் இன்னொரு கண்ணி உண்டு. வால்வ் ப்ரீஆம்பின் அவுட்புட்டில் டிசியைத் தடுக்க ஒரு கப்பாசிட்டர் இருக்கும். இவருடையதில் 0.47 மைக்ரோஃபாரட். பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸோடு சேர்ந்து அது பேஸை வெட்டும் ஒரு ஃபில்டர் ஆகிவிடும். 47 கிலோஓம் ஆம்பில் அந்த வெட்டு 7 ஹெர்ட்ஸில், கவலையே இல்லை. 10 கிலோஓம் ஆம்பில் அது 34 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அங்கே 3 டெசிபல் போய்விடும். டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் வைத்திருப்பவருக்கு அதே 10 கிலோஓம் ஆம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரே ஆம்பை ஒருவர் 'பேஸ் அருமை' என்றும் இன்னொருவர் 'பேஸே இல்லை' என்றும் சொல்வதற்கு இது ஒரு உண்மையான காரணம். இருவரும் பொய் சொல்லவில்லை.

இவ்வளவும் கையில் வந்த பிறகு ஆம்புகளைப் பார்ப்பது சீக்கிரம் முடிந்தது.

அண்ணன் பார்த்து வைத்த 200 வாட்ஸ், மேடைக் கச்சேரிகளுக்கான வகை. பவர் உண்டு, 4 ஓமை ஊதித் தள்ளும். ஆனால் கெயின் பழையதைப் போலவே அதிகம், உள்ளே ஓயாமல் சுழலும் ஃபேன். உஸ் சத்தத்தைக் குறைக்க நினைக்கும் அறையில் அது வேண்டாம்.

வால்வ் பவர் ஆம்ப் மேல் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ப்ரீஆம்ப் வால்வ், பவரும் வால்வாக இருந்தால் என்ன? மற்ற ஸ்பீக்கராக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். அவுட்புட் இம்பீடன்ஸ் 1.5 ஓம் உள்ள ஒரு வால்வ் ஆம்பை இந்த ஸ்பீக்கரோடு கட்டினால், 3.3 ஓம் இருக்கும் இடத்தில் 3.2 டெசிபல் இழப்பு, 22 ஓம் இருக்கும் இடத்தில் அரை டெசிபல். அதாவது கிராஸ்ஓவர் பகுதி, மேல்-பேஸை விட 2.7 டெசிபல் தூக்கி நிற்கும். குரல் முன்னால் வரும், மெல்லிய உடம்போடு. சிலருக்கு அது பிடிக்கலாம். பிடித்தால் தவறில்லை, ஆனால் அது ஸ்பீக்கரின் டோனை மாற்றுவது, ஆம்ப் மாற்றுவது மட்டும் அல்ல என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

30 வாட்ஸ் கிளாஸ் ஏ ஒன்று நண்பர் ஒருவரிடம் இருந்தது. 8 ஓமில் 30 வாட்ஸ் என்றால் 15.5 வோல்ட், தேவைக்கு அரை வோல்ட் குறைவு. சும்மா இருக்கும்போதே நூறு வாட்ஸுக்கு மேல் வெப்பமாகக் கக்கும் அதை அந்த அலமாரிக்குள் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பிறகு கிளாஸ் டி, டிரான்சிஸ்டரை சுவிட்ச் மாதிரி ஆன்-ஆஃப் செய்வதால் வெப்பம் மிகக் குறைவாக வரும் வகை. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எளிய சிப் ஆம்புகளில் அவுட்புட்டில் இருக்கும் காயிலும் கப்பாசிட்டரும் அவுட்புட்டைத் திரும்பப் பார்த்துப் பிழை திருத்தும் ஃபீட்பேக் வளையத்துக்கு வெளியே இருக்கும். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைப் பொறுத்து உச்ச அதிர்வெண்கள் ஏறும் இறங்கும். அந்தக் காயிலும் கப்பாசிட்டரும் சேர்ந்த ஃபில்டருக்குப் பின்னாலிருந்தே ஃபீட்பேக் எடுக்கும் வடிவமைப்புகளில் இந்தச் சார்பு ஏறக்குறைய இல்லாமலே போகிறது. பொறியாளர் ப்ரூனோ புட்ஸீஸ் பிலிப்ஸில் இருந்தபோது செய்த யூசிடி, பிறகு ஹைபெக்ஸ் நிறுவனத்தில் செய்த என்கோர் இரண்டும் அந்த வழியில் வந்தவை. கிளாஸ் டி என்றாலே 'ட்ரெபிள் சரியில்லை' என்ற பழைய பேச்சை இவை பெருமளவு முடித்துவைத்தன என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பார்த்த கிளாஸ் டி பெட்டி இரண்டு காரணத்தால் நின்றுபோனது. இன்புட் 10 கிலோஓம், அது மேலே சொன்ன கதை. அடுத்தது, அது பிரிட்ஜ் அவுட்புட். சாதாரண ஆம்பில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்ட். பிரிட்ஜ் ஆம்பில் கறுப்பிலும் சிக்னல் ஓடும். அண்ணனின் சப்வூஃபரில் இரண்டு சேனலுக்கும் பொதுவான ஒரே கறுப்புக் கம்பி. அதைப் பிரிட்ஜ் ஆம்பின் கறுப்பு முனையில் கட்டினால், சப்வூஃபரின் கிரவுண்ட் வழியாக அவுட்புட்டின் பாதி ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. சில சப்வூஃபர் தயாரிப்பாளர்கள் இதற்கென்று தனி இணைப்பு முறை சொல்கிறார்கள். இவருடையதன் கையேட்டில் 'பிரிட்ஜ் ஆம்பில் இணைக்காதீர்கள்' என்றே தெளிவாக இருந்தது. வாங்கிய அன்றே புதிய ஆம்பை எரிப்பதற்கு இதைவிட நேர்வழி இல்லை. சப்வூஃபர் வைத்திருக்கும் யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் கிளாஸ் டி வாங்கக் கூடாது.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று, 8 ஓமில் 100, 4 ஓமில் 180 வாட்ஸ் தரும் கிளாஸ் ஏபி, இன்புட் 47 கிலோஓம், கெயின் 29 டெசிபல். இன்னொன்று ஃபில்டருக்குப் பின் ஃபீட்பேக் எடுக்கும் கிளாஸ் டி: 8 ஓமில் 100, 4 ஓமில் 200, முன்னால் 47 கிலோஓம் பஃபர், பிரிட்ஜ் இல்லாத அவுட்புட், பின்னால் 26 அல்லது 20 டெசிபல் என்று கெயின் மாற்ற ஒரு சுவிட்ச்.

நான் மனதளவில் கிளாஸ் ஏபி பக்கம். அதைத் திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிந்த டிரான்சிஸ்டர்கள், கை எட்டும் சோல்டர் புள்ளிகள். பதினைந்து வருஷம் கழித்தும் யாராவது ஒருவர் சரிசெய்வார். கிளாஸ் டியில் மாட்யூல் போனால் மாட்யூல்தான் மாற்ற வேண்டும், அந்த மாட்யூல் அன்றைக்குக் கிடைக்க வேண்டும். இதை அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் அலமாரியைக் காட்டினார். "இது இங்கதான் இருக்கணும். பேரப் பிள்ளைங்க கை படாத இடம் இது ஒண்ணுதான்." அங்கே கிளாஸ் ஏபி வைத்தால் பழையதன் கதைதான் மறுபடி. கிளாஸ் டி என்று முடிவானது. பின்பலகையில் காற்றுக்கு ஒரு துளை போடவும் ஒத்துக்கொண்டார்.

வாங்கியதும் ஒரு ஒப்பீடு செய்தோம், பழையதன் இடது சேனல் உயிரோடு இருந்த தைரியத்தில். ஒரே ஸ்பீக்கர், இரண்டு கம்பியையும் மாற்றும் ஒரு சுவிட்ச், பழைய ஆம்பின் முன்னால் சத்தத்தைச் சமப்படுத்த ஒரு பொட்டென்ஷியோமீட்டர். 100 ஹெர்ட்ஸ் டோனில் ஸ்பீக்கர் முனையில் இரண்டிலும் 4.00 வோல்ட், 4.05 ஆனாலே 0.1 டெசிபல் வித்தியாசம், அதற்குள் நிறுத்தினோம். இதைச் செய்யாமல் எந்த ஆம்பையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை. கொஞ்சம் உரத்து ஒலிப்பதைக் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். எது ஓடுகிறது என்று அண்ணனுக்குத் தெரியாமல் நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். வழக்கமான சத்தத்தில் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. பென்சில் கோட்டு அளவுக்கு ஏற்றி, பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் அவர் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார். பழையதில் டிரம்மின் அடி மழுங்கியது, புதியதில் அது நின்று ஒலித்தது. 80-லிருந்து 110 ஹெர்ட்ஸ் வரை அந்த ஸ்பீக்கர் என்ன கேட்கிறது என்று வரைபடம் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

இந்த ஒப்பீட்டின்போது எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. முன்னால் பொட்டென்ஷியோமீட்டரை வைத்ததும் பழைய ஆம்பிலும் உஸ் சத்தம் மறைந்துவிட்டது. இரைச்சல் பழைய ஆம்பினுடையது அல்ல, ப்ரீஆம்பிலிருந்து வந்து கெயினால் பெரிதானது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். பழைய பவர் ஆம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, இரைச்சலும் குமிழ்த் தொல்லையும் மட்டுமே குறையாக இருப்பவர்கள் புது ஆம்ப் தேடவே வேண்டாம். ஆர்சிஏ முனையில் மாட்டும், சிக்னலை 10 டெசிபல் குறைக்கும் அட்டென்யூவேட்டர் ஒரு ஜோடி போதும். வால்வ் ப்ரீஆம்பாக இருந்தால் அந்த அட்டென்யூவேட்டரின் இன்புட் இம்பீடன்ஸ் 10 கிலோஓம் மாதிரி தாழ்வாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெயின் சுவிட்சை 20-ல் வைத்தோம். குமிழ் இப்போது வழக்கமான சத்தத்துக்குப் பதினோரு மணி நிலையில் நிற்கிறது. மெதுவாக வைத்தாலும் பாடகர் நடுவிலேயே இருக்கிறார். சிக்னல் இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிடும் வசதியை அணைத்துவிட்டேன். இரவில் மிக மெதுவாகக் கேட்கும்போது அது பாட்டின் நடுவிலேயே தூங்கிவிடும், கெயின் குறைந்த ஆம்பில் சிக்னலை உணரும் எல்லை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் நம்ப முடியாது.

சப்வூஃபரின் லெவலைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்குமோ என்று அண்ணன் கேட்டார். தேவைப்படவில்லை. அது சிக்னலை ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுப்பதால், ஆம்பின் கெயின் எவ்வளவு மாறினாலும் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்தே ஏறி இறங்கும். ப்ரீஆம்பிலிருந்து சப்வூஃபருக்குத் தனிக் கம்பி போட்டிருப்பவர்கள் மட்டும், பழைய கெயினுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை, இங்கே என்றால் 13 டெசிபலை, சப்வூஃபரின் குமிழில் குறைத்துக்கொள்ள வேண்டும்.